பெற்றோருக்கு ஜெர்மனி விசிட் விசா: ஸ்பான்சர் கடிதம் இருந்தால் மற்ற தாள் எதுவும் வேண்டாமா?

கரூர்ப்பையன் | 3 நவம்பர் 2025, இரவு 9.40

அப்பா, அம்மா ஏப்ரலில் ஸ்டுட்கார்ட் வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற அரசுப்பள்ளி ஆசிரியர், அம்மா இல்லத்தரசி. "மகன் அங்கிருந்து ஸ்பான்சர் லெட்டர் எடுத்து அனுப்பினால் போதும், பேங்க் ஸ்டேட்மென்ட், பட்டா, பென்ஷன் தாள் எதுவும் தேவையில்லை" என்று ஊரில் டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். சரியா?

பழைய_ஃபைல் | 3 நவம்பர் 2025, இரவு 10.15

பாதி சரி. மீதிப் பாதியில்தான் மறுப்பு வரும்.

ஃபைலைப் பிரிக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது இரண்டு. வந்தால் செலவுக்கு யார்? நாள் முடிந்ததும் விமானம் ஏறுவார்களா? நீங்கள் சொல்லும் கடிதம், அதாவது ஃபெர்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங் (இனி வி.இ.), முதல் கேள்வியை அடைத்துவிடும். இரண்டாவதன் பக்கம் அது போவதே இல்லை. பெற்றோர் விண்ணப்பம் மறுக்கப்பட்டு வரும் தாளில் பெரும்பாலும் டிக் விழுந்திருப்பது "விசா முடியுமுன் வெளியேறும் எண்ணம் உண்டா என்பதில் நியாயமான ஐயம்" என்ற வரியில். மகன் சம்பளம் எவ்வளவு கூடினாலும் அந்த வரி அழியாது. அதை அழிப்பது ஊரில் இருக்கும் பென்ஷனும் வீடும் நிலமும் மற்றப் பிள்ளைகளும்தான்.

அதனால் பென்ஷன் தாள், பட்டா எல்லாம் வையுங்கள்.

டோர்ட்முண்ட்_அக்கா | 4 நவம்பர் 2025, காலை 7.05

வி.இ. பற்றி, தம்பிக்கு.

நீங்கள் குடியிருக்கும் ஊரின் அவுஸ்லெண்டர்பெஹோர்டேயில் (வெளிநாட்டவர் அலுவலகம்) அப்பாயின்ட்மென்ட். சில ஊரில் இது குடிமக்கள் அலுவலகத்தில் நடக்கும், ஊர் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் 29 யூரோ. கொண்டுபோக வேண்டியவை: உங்கள் பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, கடைசி 3 மாதச் சம்பளத் தாள், வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், பெற்றோரின் பாஸ்போர்ட் நகல். கைக்கு வரும் நிகரச் சம்பளத்தை, கடனுக்குப் பிடிக்க முடியாத தொகை என்று சட்டம் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். அந்தப் பட்டியல் ஒவ்வொரு ஜூலை 1-லும் மாறுகிறது. மனைவி, குழந்தை உங்கள் வருமானத்தில் இருந்தால் வரம்பு கூடும். போன வருடம் நண்பன் சொன்ன தொகையை நம்பிப் போகாதீர்கள்.

கிடைப்பது பாதுகாப்புத் தாளில் அச்சான அசல். அதைக் கூரியரில் ஊருக்கு அனுப்ப வேண்டும். ஸ்கேன் செல்லாது. விண்ணப்பிக்கும் நாளில் அது 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தம்பதிக்குச் சில ஊரில் ஒரே தாள், சில ஊரில் ஆளுக்கு ஒன்று.

இன்னொன்று. பெற்றோரின் பாஸ்போர்ட் காலாவதி ஆகப் போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு வி.இ. எடுங்கள். வி.இ.யில் பாஸ்போர்ட் எண் அச்சாகிறது. பழைய எண்ணோடு புதுப் புத்தகம் போனால் மறுபடி 29 யூரோ, மறுபடி அப்பாயின்ட்மென்ட், மறுபடி கூரியர்.

கரூர்ப்பையன் | 4 நவம்பர் 2025, காலை 8.20

மாதிரித் தாள் பார்த்தேன். கீழே நிதித்திறன் பற்றி டிக் அடிக்கும் இடத்தில் "நாஹ்கெவீசன்", "கிளவுப்ஹாஃப்ட் கெமாஹ்ட்" என்று இரண்டு இருக்கிறது. எதில் டிக் விழ வேண்டும்?

டோர்ட்முண்ட்_அக்கா | 4 நவம்பர் 2025, காலை 8.31

முதலாவதில். அது "நிரூபிக்கப்பட்டது". இரண்டாவது "நம்பும்படி காட்டினார்" அளவுதான். அதோடு போனால் தூதரகப் பக்கத்தில் மேலும் தாள் கேட்கலாம். வேலை மாறி சோதனைக்காலத்தில் இருப்பவர்களுக்கும் ஒப்பந்தம் சீக்கிரம் முடிகிறவர்களுக்கும் இந்த இரண்டாவது டிக் விழ வாய்ப்பு உண்டு. அலுவலகத்தை விட்டு இறங்குமுன் தாளைப் படியுங்கள். பெயரில் ஒரு எழுத்து தவறியிருந்தாலும் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

இஸார்க்கரை | 4 நவம்பர் 2025, மாலை 6.50

எல்லோரும் வி.இ.யைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது கடன் பத்திரம். வசிப்பிடச் சட்டத்தின் 66 முதல் 68 வரையிலான பிரிவுகள். விருந்தாளிக்காக அரசுப் பணம் செலவானால் உங்களிடம் வசூலிக்கலாம்: உணவு, தங்குமிடம், மருத்துவமனை, பராமரிப்பு, கடைசியில் நாடு கடத்த நேர்ந்தால் விமானச் செலவு உட்பட. இன்சூரன்ஸ் கைவிரித்த மருத்துவச் செலவை அரசு ஏற்றால் அதுவும் உங்கள் தலையில். எல்லை 5 ஆண்டு. அவர்கள் நேரத்துக்கு ஊர் திரும்பிவிட்டால் கதை அதோடு முடிந்தது.

வி.இ. கட்டாயமும் இல்லை. அப்பாவின் கணக்கில் பணம் இருந்தால் அவர் செலவிலேயே வரலாம். ஜெர்மனி வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு ஆளுக்கு நாளைக்கு 45 யூரோ. அப்போது நீங்கள் தருவது வெறும் அழைப்புக் கடிதமும் உங்கள் பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை நகல்களும். ஓய்வூதியமும் கொஞ்சம் சேமிப்பும் உள்ள ஆசிரியருக்கு இந்த வழியும் திறந்தே இருக்கிறது.

பழைய_ஃபைல் | 4 நவம்பர் 2025, இரவு 9.10

இஸார்க்கரை சொன்ன இரண்டாவது வழி சட்டப்படி சரி. ஆனால் இருவர், 60 நாள், நாளைக்கு 45 என்றால் 5,400 யூரோ. அது ஸ்டேட்மென்ட்டில் ஒரே நாளில் வந்து உட்கார்ந்தால் காரியம் கெடும். 3 மாத ஸ்டேட்மென்ட் கேட்பதே பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் 6 லட்சம் வரவு, அதற்கு முன் மாதாமாதம் பென்ஷன் வந்து அப்படியே எடுத்த கணக்கு என்றால் யார் பணம் என்று கேள்வி வரும். எஃப்.டி. முறித்துப் போட்டதா, நிலம் விற்றதா, மகன் அனுப்பியதா, எதுவானாலும் அதற்கான தாளைப் பின்னால் வைத்துவிடுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்பா பக்கம் வைக்க வேண்டியது: ஓய்வூதிய ஆணை, வங்கி முத்திரையோடு 3 மாத ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன் போட்டிருந்தால் அதன் நகல், சொந்த வீடானால் வீட்டுவரி ரசீது, நிலமானால் பட்டா சிட்டா. தமிழில் உள்ள தாளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். இணையத்தில் இறக்கிய சிட்டாவை அப்படியே வைத்தால் அங்கே படிக்க ஆளில்லை.

அம்மா பெயரில் கணக்கே இல்லை என்றால் பரவாயில்லை. கணவர் வருமானத்தில் இருப்பவர் என்று காட்டத் திருமணச் சான்றிதழோ, பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் துணையின் பெயரோ போதும். மகன் உறவுக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் உள்ள பக்கம்.

கணக்கர் | 5 நவம்பர் 2025, காலை 6.30

பெயர் விஷயத்தை யாரும் தொடவில்லையே. தமிழ்நாட்டு ஃபைலில் முதலில் இடறுவது அங்கேதான்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, பெயர்க் கட்டத்தில் "கருப்பையா" மட்டும். பட்டாவில் "ரா. கருப்பையா". பென்ஷன் ஆணையில் "கருப்பய்யா ஆர்". வங்கியில் "ராமசாமி கருப்பையா". நாலும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் ஒரு 'ஐ'க்குப் பதில் 'ஒய்' விழுந்திருக்கும். விசா, வி.இ., இன்சூரன்ஸ், டிக்கெட் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து. மற்ற பழைய தாள்களுக்கு "இவை எல்லாம் என்னையே குறிக்கும்" என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்தால் போதும். சிட்டாவை மொழிபெயர்ப்பவரிடமும் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து அதே எழுத்தில் போடச் சொல்லுங்கள். அவர் போக்கில் விட்டால் ஐந்தாவதாக ஒரு பெயர் முளைக்கும்.

கரூர்ப்பையன் | 5 நவம்பர் 2025, காலை 7.15

அப்பா பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் காலிதான். ஆன்லைன் படிவம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட மாட்டேன் என்கிறதே.

கணக்கர் | 5 நவம்பர் 2025, காலை 7.40

பாஸ்போர்ட் போட்டோ பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், எந்திரம் படிக்கிற வரி. நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து முதலில் வரும் பெயரைத்தான் எந்திரம் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒற்றைப் பெயர்க்காரருக்கு அந்த ஒரே பெயர் அங்கே நிற்கும். படிவத்திலும் அதே கட்டத்தில் போடுங்கள். அப்பாவின் தகப்பனார் பெயரை அங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் விசாவில் வரக்கூடாது.

இஸார்க்கரை | 5 நவம்பர் 2025, காலை 8.02

ஜெர்மன்காரனுக்குத் தாத்தா பெயர் வரை வேண்டும், நமக்கு இனிஷியலே போதும். இடையில் படிவம் மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

பழைய_ஃபைல் | 6 நவம்பர் 2025, இரவு 8.45

படிவம், அப்பாயின்ட்மென்ட், கட்டணம் பற்றி ஒரே இடத்தில்.

ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய 29 ஐரோப்பிய நாடுகள்) விசாவுக்கு ஜெர்மனி வைத்திருக்கும் ஆன்லைன் படிவத்தின் பெயர் விடெக்ஸ். நிரப்பி அச்சிட்டால் கடைசியில் பட்டைக்குறியீடு உள்ள பக்கங்கள் வரும், அவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு படிவம். கையெழுத்துக்குப் பல இடம் இருக்கிறது, ஒன்று விட்டாலும் கவுன்டரிலேயே திருப்புவார்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவுக்குச் சட்டம் தரும் காலம் 15 நாள், தேவைப்பட்டால் 45 வரை நீளும். அது ஃபைல் போய்ச் சேர்ந்த பிறகான கணக்கு. அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கும் நாள் இதில் சேராது. ஏப்ரல், மே பயணம் என்றால் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேரும், டிசம்பரிலேயே இடம் பிடியுங்கள்.

விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45, 6-க்குக் கீழே இல்லை. 2024 ஜூன் 11-க்கு முன் 80-ஆக இருந்தது. பழைய யூடியூப் வீடியோவை நம்பிச் சில்லறை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறுஞ்செய்தி, சொகுசு அறை, போட்டோ, ஜெராக்ஸ் என்று கவுன்டரில் நீட்டும் மற்றது எல்லாம் விருப்பம் இருந்தால் மட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சொகுசு அறையில் உட்கார்ந்து கொடுத்த ஃபைலும் அதே அதிகாரியிடம்தான் போகிறது.

பாஸ்போர்ட்: திரும்பும் தேதிக்குப் பின் 3 மாதமாவது செல்ல வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், 2 பக்கம் காலி. போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர், முகம் அதில் முக்கால் பங்கு அளவுக்கு. நெற்றி விபூதி, குங்குமம் பிரச்சினை இல்லை. கண்ணாடியில் ஒளி பட்டு மின்னினால் திருப்புவார்கள்.

கைரேகை 59 மாதம் செல்லும். முன்பு எந்த ஷெங்கன் நாட்டுக்குக் கொடுத்திருந்தாலும் படிவத்தில் "ஆம்" போட்டுத் தேதியை எழுதுங்கள்.

விமானம்: ரிசர்வேஷன் போதும். விசா வருமுன் பணம் கட்டி டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

டோர்ட்முண்ட்_அக்கா | 7 நவம்பர் 2025, காலை 7.00

இன்சூரன்ஸ் பற்றி. குறைந்தது 30,000 யூரோ. அவசர மருத்துவம், மருத்துவமனை, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, இறப்பு ஆகியவை அடங்கியிருக்க வேண்டும். ஷெங்கன் முழுக்கச் செல்ல வேண்டும். ஊரில் பாலிசியை டாலரில் விற்பார்கள். 30,000 டாலர் பாலிசி 30,000 யூரோவுக்குக் குறைவு, செல்லாது. 50,000 டாலர் எடுங்கள்.

பாலிசி விசா அதிகாரிக்குப் போதும் என்பது வேறு, அப்பாவுக்குப் போதும் என்பது வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய அடைப்பு இவற்றை "முன்பே இருந்த நோய்" என்று பல பாலிசி ஒதுக்கும், அல்லது உயிராபத்து நிலைக்கு மட்டும் ஒரு சிறு தொகை தரும். வயது கூடக் கூட அறை வாடகை, அறுவைச் சிகிச்சை என்று தனித்தனி உச்சவரம்பு வரும். பிரீமியம் மலிவாக இருக்கிறதே என்று பார்க்காமல் அந்த இரண்டு பக்கத்தைப் படியுங்கள். வி.இ. போட்டவர் நீங்கள் என்பது நினைவிருக்கட்டும், மேலே இஸார்க்கரை எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அழைப்பவர் ஜெர்மனியிலிருந்தே விருந்தினர் காப்பீடு எடுத்துக் கொடுக்கலாம். அதிலும் வயது வரம்பைப் பாருங்கள்.

ஈரோட்டு_மஞ்சள் | 8 நவம்பர் 2025, மதியம் 1.25

3 மாதம் முடிந்ததும் துருக்கி, இல்லை லண்டன் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். மல்டி என்ட்ரி இருந்தால் போதும்.

கணக்கர் | 8 நவம்பர் 2025, மதியம் 2.10

தொடங்காது. மல்டி என்ட்ரி என்பது எத்தனை முறை நுழையலாம் என்பது. எத்தனை நாள் என்பது எப்போதும் 180-க்கு 90.

ஷெங்கனுக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்த்து, அன்றைய தினத்தையும் சேர்த்துக் கடந்த 180 நாளில் எத்தனை நாள் உள்ளே இருந்தோம் என்று எண்ண வேண்டும். அது 90-ஐத் தாண்டக்கூடாது. வந்த நாளும் கிளம்பும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும்.

2026-ஐ வைத்தே போடுகிறேன். மார்ச் 1 வந்து மே 29 கிளம்பினால் சரியாக 90. ஒரு வாரம் லண்டன் போய் ஜூன் 5 வந்தால் கையில் மிச்சம் பூஜ்யம், எல்லையிலேயே நிற்க வேண்டியதுதான். மறுபடி நுழையக் கூடிய முதல் நாள் ஆகஸ்ட் 28.

துண்டு துண்டாக வருகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஜனவரி 10 முதல் 29 வரை 20 நாள் இருந்தவர் ஏப்ரல் 1 திரும்பி வந்தால் 90 நாள் கிடையாது, 70தான், ஜூன் 9 கடைசி. ஜனவரி நாட்கள் ஜூலை 9-லிருந்துதான் ஒவ்வொன்றாகக் கழியத் தொடங்கும். "மூன்று மாதம்" என்றும் கணக்குப் போடாதீர்கள், ஜூலை ஆகஸ்ட் செப்டம்பர் சேர்ந்தால் 92 நாள். ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் நாள் கணக்கி இருக்கிறது, தேதி போட்டால் சொல்லிவிடும்.

இஸார்க்கரை | 8 நவம்பர் 2025, மதியம் 2.30

பழைய காலத்தில் மங்கலான முத்திரையைப் பார்த்து அதிகாரி விரல் விட்டு எண்ண வேண்டும். அக்டோபர் 12 முதல் புது நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. 2026 ஏப்ரல் 10 முதல் எல்லா எல்லையிலும் முழுமையாக. அதன் பிறகு முத்திரை இல்லை, கணினி எண்ணும். ஒரு நாள் தாண்டினாலும் திரையில் தெரியும். விசா உள்ளவர்களின் கைரேகை ஏற்கெனவே விசாப் பதிவில் இருப்பதால் எல்லையில் முகப் படம் மட்டும் எடுத்துப் பதிவார்கள். கரூர்ப்பையனின் பெற்றோர் ஏப்ரலில் வருகிறார்கள், வரிசை நீளலாம். வேறு ஷெங்கன் நகரில் இறங்கி மாறும் டிக்கெட்டானால் முதல் விமான நிலையத்தில்தான் இந்தப் பதிவு, இடையில் ஒன்றரை மணி நேரம் வைத்து எடுக்காதீர்கள்.

கரூர்ப்பையன் | 9 நவம்பர் 2025, இரவு 10.05

அழைப்புக் கடிதத்தில் என்ன எழுதுவது? மனைவிக்கு மார்ச்சில் பிரசவம். "குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறார்கள்" என்று எழுதினால் உண்மையாக இருக்கும்.

பழைய_ஃபைல் | 9 நவம்பர் 2025, இரவு 10.50

பேரப்பிள்ளை பிறப்பதையொட்டிப் பார்க்க வருகிறார்கள், அதுவும் உண்மைதான், அதை எழுதுங்கள். பிரசவத் தேதி உள்ள மருத்துவர் சான்றும் வைக்கலாம். "பார்த்துக்கொள்ள ஆளில்லை, இவர்கள் வந்தே ஆக வேண்டும்" என்ற தொனியில் எழுதினால் படிப்பவருக்கு அடுத்த கேள்வி எழும்: 60 நாள் கழித்து யார் பார்த்துக்கொள்வார்? திரும்புவார்களா என்ற அதே ஐயத்துக்கு நீங்களே விறகு போடுகிறீர்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். யார், என்ன உறவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குவார்கள், செலவு யாருடையது, ஊரில் அவர்களுக்காக என்ன காத்திருக்கிறது. தேதி வி.இ., இன்சூரன்ஸ், ரிசர்வேஷன், படிவம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வி.இ.யில் ஏப்ரல் 1, டிக்கெட்டில் ஏப்ரல் 5, பாலிசி ஏப்ரல் 6 என்று வைப்பது நிறைய நடக்கிறது.

முதல் பயணத்துக்கு 89 நாள் கேட்கலாமா, 45 நாள் கேட்கலாமா என்று எப்போதும் ஒரு சண்டை உண்டு. ஓய்வுபெற்றவருக்கு 89 நாள் கேட்பது குற்றமில்லை. வேலையில் இருப்பவர் 89 நாள் கேட்டு 30 நாள் விடுப்புக் கடிதம் வைத்தால்தான் பிரச்சினை. என் யோசனை, வெளிநாட்டு முத்திரையே இல்லாத பாஸ்போர்ட்டுக்கு 60 நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

டோர்ட்முண்ட்_அக்கா | 10 நவம்பர் 2025, காலை 6.55

பழைய_ஃபைல் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. தேவை 80 நாள் என்றால் 80 கேளுங்கள். 60 கேட்டு வாங்கிவிட்டு இங்கே வந்து நீட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: நீட்டிப்பு திடீர் நோய், விமானம் ரத்து மாதிரிக் கட்டாயக் காரணத்துக்குத்தான், விசா முடியுமுன் அவுஸ்லெண்டர்பெஹோர்டேயில் சான்றோடு கேட்க வேண்டும். "குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நெடுந்தீவான் | 12 நவம்பர் 2025, இரவு 11.20

சுவிசில இருக்கிற எங்கட ஆக்களுக்கும் சேர்த்துச் சொல்லுறன், இஞ்ச முறை வேற. சுவிஸ் உத்தரவாதப் பத்திரத்தை நீங்கள் முதல்லயே எடுக்க ஏலாது. அம்மா கொழும்பில விண்ணப்பம் போட்ட பிறகு, தூதரகம் தேவை எண்டு கண்டால்தான் படிவம் குடுக்கும். அதை அம்மா உங்களுக்கு அனுப்ப, நீங்கள் நிரப்பி உங்கட கன்டோன் (மாநிலம்) அல்லது ஊர் அலுவலகத்தில குடுக்க வேணும். பொறுப்புத் தொகை 30,000 பிராங்க். பிரான்சில எண்டால் மேரியில (நகரசபை) எடுக்கிற அத்தெஸ்தாசியோன் டக்கேய் (வீட்டில தங்க வைக்கிறதுக்கான சான்று), 30 யூரோ முத்திரை. நெதர்லாந்தில கெமெய்ன்டேயில (ஊர் நிர்வாக அலுவலகம்) கையெழுத்தை உறுதிப்படுத்தின படிவம். ஜெர்மன்காரரின்ர தாளைப் பார்த்திட்டு மற்ற நாட்டுக்கும் அதையே தேடித் திரியாதேங்கோ.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கிறது எண்டும் குழம்புறவை கனபேர். கூட நாள் நிக்கிற நாடுதான். ஒரே அளவு நாள் எண்டால் முதல் நுழையிற நாடு. மகள் சூரிச்சில, மகன் ஜெர்மனி எஸ்ஸெனில எண்டால் நாளை எண்ணிப் பார்த்துப் போடுங்கோ.

ஈரோட்டு_மஞ்சள் | 13 நவம்பர் 2025, காலை 9.00

ஜெர்மனி மறுத்தால் இத்தாலிக்குப் போட்டு வாங்கி ஜெர்மனி வரலாமே?

பழைய_ஃபைல் | 13 நவம்பர் 2025, காலை 9.35

மறுப்பு பொதுவான விசாப் பதிவில் 5 ஆண்டு இருக்கும், 29 நாடும் பார்க்கும். இத்தாலி ஹோட்டல் புக்கிங் வைத்துவிட்டுத் தங்கியது முழுக்க ஸ்டுட்கார்ட் என்றால் அடுத்த விண்ணப்பத்தில் நோக்கமே பொய் என்று ஆகும். மறுத்தால் அந்தத் தாளில் டிக் விழுந்த வரியைப் பாருங்கள், அதற்கான தாளைச் சேர்த்து ஜெர்மனிக்கே புதிதாகப் போடுங்கள். காத்திருப்புக் காலம் கிடையாது.

முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதும் வழி இருந்தது. அதை 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க எடுத்துவிட்டார்கள். இன்னும் பல தளங்களில் அந்தக் கடிதத்தின் மாதிரி காசுக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள். மிச்சம் இருப்பது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு. விசிட் விசாவுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று நீங்களே பாருங்கள்.

கணக்கர் | 15 நவம்பர் 2025, மாலை 5.20

அடுத்தடுத்து வர இருப்பவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று விட்டுப்போயிற்று. 2024 ஏப்ரல் 18-ல் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்குத் தனி விதி வைத்தது. கடந்த 3 ஆண்டுக்குள் 2 விசா வாங்கிச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது 2 ஆண்டு மல்டி, அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அதன் பின் 5 ஆண்டு. பாஸ்போர்ட்டில் அத்தனை ஆண்டு மிச்சம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் ஒன்றரை ஆண்டில் முடிகிறது என்றால் முதலில் புதுப்பியுங்கள்.

மல்டி விசாவுக்கு இன்சூரன்ஸ் முதல் பயணத்துக்கு மட்டும் காட்டினால் போதும். அடுத்தடுத்த பயணத்துக்கு எடுப்பேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். எடுக்கவும் வேண்டும்.

நெடுந்தீவான் | 15 நவம்பர் 2025, இரவு 10.40

இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அந்தத் தனி விதி இல்லை. பொது விதிதான்: 2 வருசத்துக்குள்ள 3 விசா சரியாப் பாவிச்சிருந்தால் 1 வருச மல்டி, பிறகு 2, பிறகு 5.

கரூர்ப்பையன் | 18 நவம்பர் 2025, இரவு 9.15

அம்மா பத்தாவது படிக்கவில்லை, பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும் என்ற குறி) முத்திரை. சென்னை விமான நிலையத்தில் தடுப்பார்களா?

பழைய_ஃபைல் | 18 நவம்பர் 2025, இரவு 9.25

மாட்டார்கள். ஈ.சி.ஆர். அறிவிக்கப்பட்ட 18 நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு. ஜெர்மனி அதில் இல்லை, அம்மா வேலைக்கும் போகவில்லை.

ஈரோட்டு_மஞ்சள் | 24 நவம்பர் 2025, மதியம் 12.40

விசிட் விசாவில் வந்து இங்கேயே பெற்றோரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஏதோ புதுச் சட்டம் என்கிறார்களே?

இஸார்க்கரை | 24 நவம்பர் 2025, இரவு 8.00

இரண்டு வேறு விஷயத்தைக் குழப்புகிறீர்கள். வசிப்பிடச் சட்டம் 36-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவு. ப்ளூ கார்டு மாதிரித் தகுதிபெற்ற வேலைக்கான குடியிருப்பு அனுமதியை 2024 மார்ச் 1 அல்லது அதற்குப் பின் முதன்முறையாக வாங்கியவர், தன் பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். மனைவி அல்லது கணவர் இங்கேயே நிரந்தரமாக வசித்தால் அவர் பெற்றோரையும். 2023-ல் ப்ளூ கார்டு வாங்கியவருக்கு இது கிடையாது. இந்த ஏற்பாடு 2028 முடிய.

படிக்க நன்றாக இருக்கிறது, நடப்பில் கதவு மருத்துவக் காப்பீட்டில் மூடும். வாழ்க்கைச் செலவோடு முழுமையான மருத்துவக் காப்பீடும் உறுதியாக இருக்க வேண்டும், பயண இன்சூரன்ஸ் போதாது. அறுபதுகளில், பழைய நோயோடு வருகிறவரை ஏற்கும் தனியார் காப்பீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு, கிடைத்தால் மாதப் பிரீமியம் கழுத்தை நெரிக்கும். முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள், விசா யோசனை அப்புறம். அதோடு விசிட் விசாவில் வந்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். அதற்கு ஊரிலிருந்து டி வகை (நீண்டகாலத் தங்கலுக்கான) விசா போட்டு வர வேண்டும்.

கரூர்ப்பையன் | 29 ஜனவரி 2026, மாலை 7.30

ஸ்டிக்கர் வந்தது. நுழைவு 01, நாள் 60, ஏப்ரல் 2 முதல் ஜூன் 15 வரை. கேட்டது ஏப்ரல் 2 முதல் மே 31. ஜூன் 15 வரை இருக்கலாம் போலிருக்கிறதே?

கணக்கர் | 29 ஜனவரி 2026, மாலை 7.55

இருக்க முடியாது. ஸ்டிக்கரில் இரண்டு தனித்தனிக் கணக்கு. தேதி என்பது ஜன்னல், அதற்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். நாள் என்பது உள்ளே இருக்கக்கூடிய அளவு. கடைசியில் சேர்த்த 15 நாள், பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று தரும் சலுகை. ஏப்ரல் 2 இறங்கினால் 60-ஆவது நாள் மே 31, அன்று வெளியே இருக்க வேண்டும். ஏப்ரல் 10 இறங்கினால் ஜூன் 8. ஏப்ரல் 25 இறங்கினால் 60 நாள் கிடைக்காது, ஜூன் 15-ஓடு ஜன்னல் மூடிவிடும். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் இப்போதே ஒரு முறை சரிபாருங்கள், பிழை இருந்தால் பயணத்துக்கு முன் திருத்த நேரம் இருக்கிறது.

நுழைவு 01 என்பதால் இடையில் லண்டன் போய்த் திரும்ப முடியாது. சுவிஸ், ஆஸ்திரியா, பிரான்ஸ் போகலாம்.

டோர்ட்முண்ட்_அக்கா | 30 ஜனவரி 2026, காலை 7.10

கைப்பையில் வைக்க: வி.இ. நகல், இன்சூரன்ஸ், அழைப்புக் கடிதம், உங்கள் முகவரியும் போன் எண்ணும், திரும்பும் டிக்கெட். விசா இருந்தாலும் எல்லை அதிகாரி கேட்கலாம். ஜெர்மன் தெரியாத பெரியவர்களுக்கு நீட்டிக் காட்ட ஒரு பிளாஸ்டிக் கவர் போதும்.

மாத்திரை சொந்தத் தேவைக்கு 3 மாதத்துக்கு வரை கொண்டு வரலாம். அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு. சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும். தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை வகை என்றால் தனிச் சான்று வேண்டியிருக்கலாம், ஊரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரூர்ப்பையன் | 30 ஜனவரி 2026, காலை 7.25

அம்மா நெய், பால்கோவா, கறிவேப்பிலை, கருவாடு எல்லாம் பட்டியல் போட்டுவிட்டார்கள்.

டோர்ட்முண்ட்_அக்கா | 30 ஜனவரி 2026, காலை 7.40

நெய், பால்கோவா இரண்டும் பால் பொருள், வரக்கூடாது. இறைச்சியும் அப்படியே, உப்புக்கண்டம் உட்பட. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் தாவர நலச் சான்று இல்லாமல் கூடாது. தேங்காய், வாழைப்பழத்துக்கு அந்தச் சான்று வேண்டியதில்லை. கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, புளி, வற்றல், மஞ்சள் பிரச்சினையில்லை. கசகசாவும் வரலாம், துபாய் வழி டிக்கெட்டானால் மட்டும் வேண்டாம், அங்கே அது குற்றம். தேன் 2 கிலோ வரை.

கருவாடு குடல் நீக்கியதாக இருந்தால் 20 கிலோ வரை விடுவார்கள்.

இஸார்க்கரை | 30 ஜனவரி 2026, காலை 7.44

சுங்கம் விடும். வீட்டுக்காரன் விடுவானா என்று வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள்.